கார்த்திகையில் பட்ட அடி வைகாசியில் தெரிந்தது: தங்கச்சிமடத்துத் தோட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2025 வைகாசியில், தங்கச்சிமடத்தின் வடகரையை ஒட்டிய ஒரு வீட்டுத் தோட்டத்தில், காய் பிடித்து நின்ற மூன்று கொய்யா மரங்கள் ஒரே வாரத்துக்குள் இலை உதிராமலே காய்ந்துவிட்டன. அடுத்தடுத்து எலுமிச்சையும் வேலியோரச் செம்பருத்தியும் போயின. வீட்டின் பின்புறத்து ஒட்டு மாமரம் மேற்குப் பாதி காய்ந்தும் கிழக்குப் பாதி பச்சையாகவும் நின்றது. வீட்டுக்காரர் முதலில் ஐயுற்றது கிணற்றை. அடுத்து, மதிலோரம் கட்டடக் கழிவைக் கொட்டியிருந்த பக்கத்து மனைக்காரரை. உரக்கடையில் வாடிய கிளையைக் காட்டியபோது வேர்வாடல் நோய் என்று சொல்லிப் பூசணக்கொல்லி கொடுத்திருக்கிறார்கள். அதைக் கரைத்து ஊற்றிய பிறகும் நான்காவது கொய்யா வாடத் தொடங்கியதால், தோட்டத்தை நேரில் பார்க்கும்படி என்னை அழைத்தார்கள்.

மரம் காய்ந்த நாளும் அது அடிபட்ட நாளும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. இந்தத் தோட்டத்து மரங்கள் அடிபட்டது 2024 நவம்பரில். காய்ந்தது அடுத்த ஆண்டு மே, ஜூன் மாதங்களில். இடையில் கழிந்த ஆறு மாதங்களில் அவை தளிர்த்தன, பூத்தன, காய்த்தன. அந்தப் பசுமையை நம்பியதால் உரிய காலத்தில் செய்திருக்கக் கூடியவை செய்யப்படவில்லை; காய்ந்த பிறகு காரணம் தேடியவர்களோ காய்ந்த வாரத்துக்குள்ளேயே அதைத் தேடினார்கள். இராமநாதபுரம் கடற்கரையில் இது மீண்டும் மீண்டும் நிகழ்வதால், இந்த ஒரு தோட்டத்தை விரிவாகப் பதிவு செய்வது பயன்படும் என்று கருதுகிறேன்.

இடமும் மண்ணும்

பாம்பன் தீவு வடக்கே பாக் நீரிணைக்கும் தெற்கே மன்னார் வளைகுடாவுக்கும் இடையில் கிடக்கும் மணல் நிலம். சிப்பித் துகளும் பவளச் சுண்ணாம்பும் கலந்த மணல் என்பதால் மண் இயல்பாகவே காரத்தன்மை உடையது. தீவின் நல்ல தண்ணீர் மழையால் மட்டுமே வருவது. அது மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீரைவிட எடை குறைந்ததாகையால் அதன்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. கோட்பாட்டளவில், கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல நீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நல்ல நீர் இருக்கலாம்; மேலே ஓர் அடி இறங்கினால் கீழிருந்து உப்புநீர் அதே விகிதத்தில் ஏறி வரும். உண்மையில் கலவைப் பகுதி அகலமாக இருப்பதால் கிடைக்கும் ஆழம் இதைவிடக் குறைவு. அந்த ஊரில் உறைக்கிணறு இறக்கும் பெரியவர் ஒருவர் இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்: "மேல நல்ல தண்ணி, கீழ கடத்தண்ணி, மோட்டாரப் போட்டு இழுத்தா கீழ இருக்கது மேல வந்துரும்ணே."

இந்தத் தோட்டத்தின் கிழக்குப் பாதி பழைய மணல்மேடு. மேற்குப் பாதி முன்பு உவர்த்தரையின் விளிம்பாக இருந்து, வீடு கட்டும்போது லாரி மண் கொட்டி உயர்த்தப்பட்டது. கொட்டிய மண்ணுக்கு அடியில் கரிய உவர்க்களி அப்படியே இருக்கிறது என்பது குழி வெட்டியபோது தெரிந்தது. மேட்டுக்கும் தாழ்வுக்கும் உயர வேறுபாடு இரண்டு அடிகூட இராது. கண்ணுக்குத் தோட்டம் முழுவதும் சமதரையாகவே தெரியும். தெருச்சாலை பின்னாளில் உயர்த்தப்பட்டதால், மழைநீர் வடக்கே கடலுக்குப் போகும் பழைய ஓட்டம் அடைபட்டிருந்தது. ஒரு தோட்டத்தின் மண் எங்கிருந்து வந்தது, அதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்று கேட்காமல் மரத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவது வீண் வேலை என்பது என் உறுதியான எண்ணம்.

நடந்தவற்றின் வரிசை

2024 நவம்பர் 20 அன்று தீவில் பெய்த மழை பலருக்கும் நினைவிருக்கும். இராமேஸ்வரத்தில் அன்று ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் பதிவானது. தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் மிகக் கனமழை கொட்டியது. வடகிழக்குப் பருவமழையின் பெரும்பங்கை ஒரே பகலில் வாங்கிக்கொண்ட தீவில் நிலத்தடி நீர் மேலெழுந்து தரையைத் தொட்டது. தோட்டத்தின் மேற்குப் பாதியில் நீர் தேங்கியது. உவர்த்தரையில் கிடந்த உப்பைக் கரைத்துக்கொண்டு பின்வாங்கி வந்த நீரும் அதில் சேர்ந்தது. வெளியில் தெரிந்த நீர் வடிய ஒரு வாரத்துக்கும் மேல் ஆனதாக வீட்டார் சொல்கிறார்கள். அதன் பிறகும் களிப் படிவத்தின்மேல் வேர்மட்டத்தில் நீர் எத்தனை நாள் நின்றது என்பதை யாரும் பார்த்திருக்க முடியாது. மேற்கு மதிலில் அன்றைய நீர்மட்டத்தின் சேற்றுக்கோடு ஆறு மாதம் கழித்தும் மங்கலாக இருந்தது. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் உதவிய சான்று அந்தக் கோடுதான்.

நீர் வடிந்ததும் தோட்டம் தெளிந்தது. மார்கழியில் சில இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. அதைப் பருவ உதிர்வு என்று விட்டுவிட்டார்கள். தையில் மரங்கள் அனைத்தும் தளிர்த்தன. "தம்பி, தை மாசம் இந்தக் கொய்யா விட்ட கொழுந்தப் பாத்துட்டு, என்ன உரம் போட்டீகன்னு தெருவே கேட்டுச்சு" என்றார் வீட்டம்மா. மாமரம் முந்தைய ஆண்டுகளைவிட அடர்த்தியாகப் பூத்தது. வேர் நெருக்கடியில் இருக்கும் மரம் வழக்கத்தை மீறிப் பூப்பது உண்டு. ஆனால் பூத்துக் குலுங்கும் மரத்தைப் பார்த்து யாரும் கவலைப்படுவதில்லை.

பங்குனியில் தாழ்வுப் பகுதி மரங்களில் முதிர்ந்த இலைகளின் நுனியும் விளிம்பும் பழுப்பாகக் கருகின. சித்திரையில் பிஞ்சுகள் அளவுக்கு மீறி உதிரவே, தண்ணீர் போதவில்லை என்று முடிவு செய்து உறைக்கிணற்று மோட்டாரைக் காலையும் மாலையும் ஓட்டினார்கள். கோடையில் கிணற்று நீர் கரிக்கத் தொடங்கியிருந்தது. வைகாசியில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வலுத்தது. கொய்யாக்கள் அந்த வாரத்தில் காய்ந்தன.

குழியிலும் பட்டையிலும் பார்த்தவை

முதலில் இலைகளைப் பார்த்தேன். காய்ந்த கொய்யாக்களில் இலைகள் சுருண்டு, பச்சை கலந்த சாம்பல் நிறத்தில், காம்போடு கிளையில் ஒட்டியே இருந்தன. இது சின்ன விஷயமாகத் தோன்றினாலும் நிறையச் சொல்கிறது. இலை தானாக உதிர, காம்பின் அடியில் பிரிபடை உருவாக வேண்டும். அதை உருவாக்க உயிருள்ள திசு வேண்டும். எனவே இலையைக் கொட்டிவிட்டு நிற்கும் கிளை உயிரோடிருக்க வாய்ப்பு உண்டு. செத்த இலையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் கிளை, பிரிபடை உருவாவதற்குள்ளேயே தானும் செத்துவிட்டது. தாழ்வில் நின்ற சப்போட்டா பாதிக்கு மேல் இலையைக் கொட்டியிருந்தது. வீட்டார் அதைக் காய்ந்த மரங்களின் கணக்கில் சேர்த்திருந்தார்கள். நான் பிழைக்கும் கணக்கில் சேர்த்தேன்.

அடுத்து பட்டை. விரல் நகத்தாலோ சிறு கத்தியாலோ மேல்தோலைச் சுரண்டினால், உயிருள்ள கிளையில் அடியில் ஈரப்பச்சை தெரியும். மாமரத்தின் கிழக்குக் கிளைகளில் அது நன்றாக இருந்தது. மேற்குக் கிளைகளில் நுனியிலிருந்து கீழ்நோக்கிச் சுரண்டிக்கொண்டே வந்ததில், பழுப்பு நிறம் கவட்டை வரை வந்து, அங்கிருந்து அடிமரத்தின் மேற்குப் புறத்தில் ஒரு பட்டையாக இறங்கி மண்ணுக்குள் போயிற்று. கிளையை ஊட்டிய வேரும் அதே பக்கத்தில் செத்திருக்கிறது என்பதை அது காட்டியது. மரத்தின் குழாய்கள் பெரும்பாலும் ஒரு பக்க வேரை அதே பக்கக் கிளைகளோடு இணைப்பதால் இப்படிப் பாதி மரம் காய்வது இயல்பு. மாமரம் மேட்டுக்கும் தாழ்வுக்கும் இடைப்பட்ட விளிம்பில், மேற்கு வேர் லாரி மண்ணிலும் கிழக்கு வேர் பழைய மணலிலும் ஓட நின்றது.

பிறகு வேர். காய்ந்த கொய்யாவின் அடியிலிருந்து சற்றுத் தள்ளி முழங்கை ஆழத்துக்குக் குழி வெட்டினோம். மேல் மண்ணில் வெளிர்நிறச் சல்லிவேர்கள் சில உயிரோடு இருந்தன. அவை தையில் புதிதாக விட்டவையாக இருக்க வேண்டும். அதற்குக் கீழே, களியின் மேற்பரப்பில் கிடந்த வேர்கள் கருத்திருந்தன. அவற்றில் ஒன்றை இரு விரலுக்கு இடையில் பிடித்து இழுத்தபோது தோல், கத்தியின் உறை கழல்வதுபோல், முழுதாகக் கழன்று வந்தது. உள்ளே நார் மட்டும் மிஞ்சியது. களியிலிருந்து கந்தக நாற்றம் எழுந்தது. காற்றுப் புகாத மண்ணில் நுண்ணுயிர்கள் சல்பேட்டைச் சல்பைடாக மாற்றும்போது வரும் நாற்றம் அது. வேர்த்தோல் இப்படி அழுகிக் கழல்வது ஒரு வாரத்தில் நடப்பதன்று. அந்த வேர்கள் மாதக்கணக்கில் முன்பே செத்தவை.

மிக முக்கியமான சான்று ஒரு பிழைத்த மரம். கிழக்கு மேட்டில், கிணற்றடியை ஒட்டி இன்னொரு கொய்யா நின்றது. அதே நாற்றங்காலில் வாங்கி அதே ஆண்டில் நட்டது. அதே கிணற்று நீரைத்தான் குடித்தது. கச்சான் காற்றும் அதன்மேல் அப்படியே வீசியது. அதில் இலை நுனி சற்றுக் கருகியிருந்ததைத் தவிர வேறு குறை இல்லை. மதிலின் சேற்றுக்கோட்டு உயரத்தைக் கயிறு கட்டித் தோட்டத்தின் குறுக்கே கொண்டுவந்து பார்த்தோம். காய்ந்த மரங்கள் எல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழே, மேட்டுக் கொய்யா கோட்டுக்கு மேலே, மாமரம் கோட்டின்மேல். தாழ்வில் நின்றும் பிழைத்தவை வேம்பு, சப்போட்டா, தென்னை, பூவரசு. இவை நால்வகையும் கொய்யாவையும் எலுமிச்சையையும்விட உப்பைத் தாங்கக் கூடியவை.

மண்ணையும் நீரையும், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் கருவியால் பார்த்தோம். மேல் மண்ணில் இரு பகுதிகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. முழங்கை ஆழத்தில் தாழ்வுப் பகுதி மண், உவர்மண் என்று வகைப்படுத்தப் பயன்படும் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸ் என்ற எல்லையைத் தாண்டியிருந்தது. மேட்டுப் பகுதி அதற்குள் இருந்தது. எலுமிச்சைக் குடும்பத்துக்கு 2 டெசிசீமன்ஸை எட்டும் முன்பே விளைச்சல் குறையத் தொடங்கிவிடும். மேல் மண்ணை மட்டும் ஒரு கைப்பிடி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் மண்ணில் குறை இல்லை என்றே அறிக்கை வந்திருக்கும்.

தாமதம் ஏன்

அடிக்கும் சாவுக்கும் இடையிலான இந்த இடைவெளி, குளிர்நாடுகளில் உறைபனியால் கெடும் மரங்களில் மிக விரிவாகக் கவனிக்கப்பட்டிருக்கிறது. நம் கடற்கரையில் உறைபனி இல்லை. தமிழ்நாட்டில் அதைக் காண நீலகிரி, கொடைக்கானல் போன்ற உயர்ந்த மலைகளுக்குத்தான் போக வேண்டும். ஆனால் மரம் எப்படி மெல்லச் சாகிறது என்பதை அங்கே கற்றவை இங்கே அப்படியே பயன்படுகின்றன. உறைபனியின்போது பனிக்கட்டி முதலில் செல்களுக்கு வெளியே உருவாகி உள்ளிருக்கும் நீரை உறிஞ்சுகிறது, செல்சவ்வுகள் சிதைகின்றன. பட்டைக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள கேம்பியம் என்ற வளர்திசு செத்துப் பழுப்பாகிறது. ஆனாலும் கிளையிலும் அடிமரத்திலும் சேமித்த மாவுச்சத்து இருப்பதால் வசந்தத்தில் மரம் தளிர்த்துவிடும். கேம்பியம் செத்திருப்பதால் அந்த ஆண்டுக்கான புதிய நீர்க்குழாய்கள் உருவாவதில்லை. கோடை வந்து இலைகள் நீர் கேட்கும்போது கொடுக்க வழியில்லாமல் மரம் சில நாட்களில் சரிகிறது. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைத் தாக்கிய கடுங்குளிருக்குப் பிறகு, கருவாலி மரங்களின் பட்டை வெடிப்புகள் பல வாரங்கள் கழித்தே கண்ணில் பட்டன.

ஓர் அடியைத் தாங்கிய மரம் இரண்டாவது அடிக்கு எவ்வளவு எளிதில் இரையாகும் என்பதற்குப் புளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்கள் சான்று. 1894 டிசம்பர் இறுதியில் வந்த உறைபனி காயையும் இலையையும் கருக்கியதே தவிர, பெரிய மரங்களைப் பெரும்பாலும் கொல்லவில்லை. அடுத்து வந்த இதமான வாரங்களில் மரங்கள் சாறேறித் தளிர்த்தன. அந்த நிலையில் 1895 பிப்ரவரியில் இரண்டாவது உறைபனி வந்தது. பட்டை வெடித்து மரங்கள் அடியோடு போயின.

தங்கச்சிமடத்தில் பனிக்கட்டியின் இடத்தில் தேங்கிய நீரும் உப்பும் இருந்தன. நீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. மண்துளைகளில் நீர் நிரம்பினால் வேர் மூச்சு முட்டுகிறது. ஆக்சிஜன் இல்லாத வேருக்கு ஆற்றல் குறைகிறது. ஆற்றல் குறைந்தால், வழக்கமாக உப்பை வெளியே தள்ளி வடிகட்டும் வேலையை அதனால் செய்ய முடிவதில்லை. அதனால் சோடியமும் குளோரைடும் தண்டுக்கும் இலைக்கும் பாய்கின்றன. வெறும் உப்பைத் தாங்கும் மரமும் வெறும் நீர்த்தேக்கத்தைத் தாங்கும் மரமும் இரண்டும் சேரும்போது தாங்காமல் போவது இதனால்தான். கடற்கரைத் தோட்டக்காரர்கள் உப்பைப் பற்றி நிறையப் பேசுகிறோம், வடிகாலைப் பற்றி மிகக் குறைவாகப் பேசுகிறோம்.

அப்படியானால் மரம் மார்கழியிலேயே ஏன் சாகவில்லை? வாடைக்காற்றுக் காலத்தில் வெயில் தாழ்ந்து காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். இலைகள் வெளிவிடும் நீர் குறைவு. பாதி வேரை இழந்த மரமும் மிச்ச வேரால் காலம் தள்ளிவிடும். தைத் தளிரைக் கொண்டுவந்தது சேமிப்பு. அந்தத் தளிரும், பின்வந்த பூவும் காயும் சேமிப்பைச் செலவழித்தன. வேரைப் புதுப்பிக்க மிஞ்சியது குறைவு. மாசிக்குப் பிறகு மண் உலர, களியில் தங்கிய உப்புநீர் நுண்துளைகள் வழியாக மேலேறிப் புதிய சல்லிவேர்களையும் தொட்டது. அதே நேரத்தில் கிணற்று நீரும் கரித்தது. அதை இருமடங்காக ஊற்றினார்கள். புளோரிடாவில் பிப்ரவரி செய்ததை இங்கே சித்திரைப் பாசனம் செய்தது. வைகாசிக் கச்சானும் வெயிலும் கேட்ட நீரை, அப்போது இருந்த வேரால் கொடுக்க முடியவில்லை.

மற்ற காரணங்களை விலக்கிய விதம்

பூசணம் இருந்தது, அதை மறுக்கவில்லை. மாமரத்தின் காய்ந்த கிளைகளில் நுனிக்கருகல் நோய்க்குரிய அடையாளங்களும் பிசின் வடிதலும் இருந்தன. ஆனால் லேசியோடிப்ளோடியா போன்ற பூசணங்கள் பெரும்பாலும் நலிந்த திசுவில் நுழைபவை. நோயே முதற்காரணமாக இருந்தால் அது நீர்மட்டக் கோட்டை மதித்து நின்றிருக்காது. மேட்டுக் கொய்யாவுக்கும் போயிருக்கும். மாமரத்தின் அடியில் தண்டுத்துளைப்பான் புழுவின் மரத்தூள் சிறிது கிடந்தது. அதுவும் நலிந்த மரத்தைத் தேடி வரும் பூச்சிதான்.

உப்புக்காற்றை விலக்குவது இன்னும் எளிதாக இருந்தது. கடற்காற்றின் உப்புத்துளி காற்று வீசும் பக்கத்து இலைகளையும் உச்சிக் கொழுந்தையும் முதலில் கருக்கும், மறுபக்கம் தப்பும். காய்ந்த கொய்யாக்கள் நான்கு பக்கமும் ஒன்றுபோலக் காய்ந்திருந்தன. பக்கத்து மனையின் கட்டடக் கழிவு கிழக்கு மதிலோரம் கிடந்தது. காய்ந்தவையெல்லாம் மேற்கில் இருந்தன. மரம் காய்ந்ததற்காக ஒரே தெருவில் இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்தியிருந்ததை அறிந்து மிகவும் வருந்தினேன். மதிலோரக் கழிவுக்கும் இந்தச் சாவுக்கும் தொடர்பில்லை என்பதை இரு வீட்டாரையும் கயிற்றின் அருகே நிறுத்திக் காட்டினேன்.

செய்தவையும் செய்யாமல் விட்டவையும்

முதல் வேலை, உறைக்கிணற்றுப் பாசனத்தைத் தாழ்வுப் பகுதிக்கு நிறுத்தியது. தண்ணீர் ஊற்ற ஊற்ற வாடும் மரத்துக்கு மேலும் ஊற்றுவதே மனித இயல்பு. ஆனால் கரிக்கும் நீர் அங்கே மருந்தாகாது. மழை வரும்வரை மாமரத்துக்கும் சப்போட்டாவுக்கும் மட்டும் நல்ல நீரைச் சிறிதளவு, மாலையில், கிழக்குப் பக்க வேருக்குக் கொடுக்கச் சொன்னேன். குடிநீருக்கே குடத்தை வரிசையில் வைக்கும் தீவில் அதற்கு மேல் கேட்பது முறையன்று. மண் சூடேறி உப்பு மேலேறுவதைக் குறைக்கக் காய்ந்த தென்னை ஓலையையும் சருகையும் மூடாக்காகப் பரப்பினோம். கரையில் ஒதுங்கும் கடற்பாசியைப் பலர் மூடாக்காகப் போடுகிறார்கள். நல்ல நீரில் அலசாமல் அதைப் போடுவது உப்பைத் தோட்டத்துக்குள் சுமந்து வருவதாகும்.

உரம் எதுவும் போடவில்லை. தழைச்சத்து போட்டால் தளிர் வரும். அந்தத் தளிரைத் தாங்க வேர் இல்லை. உரமும் ஒருவகை உப்புதான் என்பதையும் மறக்கக் கூடாது. ஜிப்சம் வாங்கலாமா என்று கேட்டார்கள். ஜிப்சம் உதவுவது களிமண்ணின் துகள்களில் சோடியம் ஒட்டிக்கொண்டிருக்கும் களர்நிலத்தில். மேலே உள்ள சிப்பி மணலில் சுண்ணாம்புச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. கீழே உள்ள களிக்கு ஜிப்சம் பயன்படலாம் என்றாலும், அதிலிருந்து வெளியேறும் உப்பு போக வழி இல்லாதவரை அந்தச் செலவு வீண். வடிகால் முதலில், மற்றவை பிறகு.

வடிகாலாக மேற்கு மதிலை ஒட்டி, களிமட்டத்துக்குக் கீழ்வரை ஒரு நீள வாய்க்கால் வெட்டி, உடைந்த ஓட்டுச்சில்லு நிரப்பி, தெரு வடிகாலின் பக்கம் சரிவு கொடுத்தோம். இந்த ஆய்வில் நிலையான பலன் தரக் கூடிய வேலை அது ஒன்றே. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினம் வயல்களில் ஏறிய உப்பின் பெரும்பகுதியை அடுத்து வந்த பருவமழையே கழுவியது. ஆனால் நீர் வெளியேற வழி இருந்த வயல்கள்தான் விரைவில் தேறின. மழை உப்பைக் கரைக்கும். கரைத்ததைக் கொண்டுபோக வாய்க்கால் வேண்டும்.

காய்ந்த கொய்யாக்களை வெட்டினோம். மாமரத்தின் மேற்குக் கிளைகளை வெட்டவில்லை. வீட்டாருக்கு அந்தக் காய்ந்த பாதியைப் பார்ப்பது வேதனையாக இருந்ததால் உடனே வெட்டிவிட விரும்பினார்கள். ஆனால் சாவு எங்கே நின்றிருக்கிறது என்பதை மரமே காட்ட வேண்டும். முன்கூட்டி வெட்டினால் உயிருள்ள கட்டையையும் சேர்த்து இழக்கலாம், அல்லது செத்த பகுதியை மிச்சம் வைத்து இரண்டாம் முறை காயப்படுத்தலாம். உறைபனியில் கெட்ட மரங்களுக்கும் தளிர் வரும்வரை கத்தியைத் தொடாதே என்பதே அறிவுரை. நிழல் இழந்து வெயிலுக்குத் திறந்த கிளைகளுக்கும் அடிமரத்துக்கும் நீர்த்த சுண்ணாம்பு பூசினோம். துளைப்பான் இருந்த துளையைக் கம்பியால் குத்திப் புழுவை எடுத்துக் களிமண்ணால் அடைத்தோம்.

தென்னையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதற்குப் பட்டைச் சுரண்டல் சோதனை பயன்படாது. தென்னைக்கும் பனைக்கும் கேம்பியம் இல்லை; உயிர் முழுவதும் உச்சியில் இருக்கும் ஒரே குருத்தில். மட்டைகள் பழுத்திருந்தாலும் குருத்து நிமிர்ந்து விரிந்தால் மரம் தேறும். மட்டைகள் பச்சையாக இருந்தும் குருத்து இழுத்தால் கையோடு வந்தால் தேறாது. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின், நின்ற தென்னைகளையெல்லாம் பிழைத்தவையாக எண்ணிவிட முடியாமல் போனது இதனால்தான். உச்சியில் காயப்பட்ட மரங்களைச் சிவப்புக் கூன்வண்டு தேடி வந்தது. இந்தத் தோட்டத்தின் தென்னைகளில் குருத்து நன்றாக இருந்தது.

அடுத்த பருவமழைக்குப் பின்

அடுத்த வடகிழக்குப் பருவமழையில் தாழ்வுப் பகுதியில் நீர் தேங்கியது. ஆனால் வாய்க்கால் அதை நாட்கணக்கில் நிற்கவிடவில்லை. மழை ஓய்ந்தபின் முழங்கை ஆழத்து மண்ணில் மின்கடத்துத்திறன் தெளிவாக இறங்கியிருந்தது. களிக்குள் இன்னும் உப்பு இருக்கிறது. சப்போட்டா முழுதாக இலை விட்டது. செம்பருத்தி அடிக்கட்டையிலிருந்து துளிர்த்ததால் அதை அப்படியே வளரவிட்டிருக்கிறோம். எலுமிச்சையிலும் அடியில் துளிர் வந்தது. ஆனால் அது ஒட்டுக்கட்டுக்குக் கீழிருந்து வந்த காட்டுத் துளிர். அதை வளர்ப்பதால் நாம் விரும்பும் எலுமிச்சை வராது என்று விளக்கி எடுத்துவிட்டோம்.

கொய்யா நின்ற இடங்களில் உடனே மீண்டும் கொய்யா வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். தாழ்வுக்கு இலந்தையும் சப்போட்டாவும் பொருத்தம். கொய்யாவும் எலுமிச்சையும் வேண்டுமென்றால் கிழக்கு மேட்டில், அல்லது சேற்றுக்கோட்டுக்கு மேல் உயரும்படி கட்டிய மேட்டுப்பாத்தியில் வைக்கலாம். மதிலில் அந்தக் கோட்டை அழியாத சாயத்தால் வரைந்து வைக்கச் சொன்னதை வீட்டார் செய்துவிட்டார்கள். இனி எந்தக் கன்று நட்டாலும் அந்த மட்டத்தைப் பார்த்தே நடுவார்கள்.

மாமரத்தின் மேற்குப் பக்கத்தில் இரண்டு கவட்டைகளுக்குக் கீழே மொட்டுகள் வெடித்துத் தளிர் வந்திருக்கிறது. அதைக் கொண்டு மரம் பிழைத்தது என்று சொல்ல நான் தயாராக இல்லை. சேமிப்பால் வரும் தளிர் எப்படி ஏமாற்றும் என்பதை இதே தோட்டத்தின் கொய்யாக்களில் பார்த்துவிட்டோம். இந்தத் தளிர் முற்றிக் கரும்பச்சையாகி, கச்சான் காலத்தைக் கடந்து, ஆவணிக்குள் இரண்டாவது தளிரையும் விட்டால் புதிய வேர் பிடித்திருக்கிறது என்று கொள்ளலாம். அப்போது தளிருக்கு ஒரு சாண் மேலே காய்ந்த கிளைகளை அறுத்து, வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூசணக்கொல்லிப் பசை) பூசுவோம். வைகாசியில் தளிர் சுருண்டால், மேற்குப் பாதியை அடிமரம் வரை எடுத்துவிட்டு, கிழக்குப் பாதி ஒருபக்கமாகச் சாயாமல் இருக்க அதன் நுனிகளையும் குறைக்க வேண்டியிருக்கும்.